நாசி கண்டார் பொட்டலம், பலகாரப் பெட்டி, பொன்னாடை: சக ஊழியர்களுக்காக ஜார்ஜ்டவுனில் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஓய்வு பெறுகிறவருக்கு ஒரு கூடை, பதவி உயர்ந்தவருக்கு ஒரு கூடை, தீபாவளிக்கு ஒன்று, நோன்புப் பெருநாளுக்கு ஒன்று. பினாங்கு அலுவலகங்களில் சக ஊழியரைக் கவனிப்பது பெரும்பாலும் பேரங்காடியில் கண்ணாடித் தாள் சுற்றி விற்கும் பிஸ்கட் கூடையோடு முடிந்துவிடுகிறது. அதே பணத்துக்கு லிட்டில் இந்தியாவிலும் ஜாலான் பினாங்கு வட்டாரத்திலும் என்னென்ன கிடைக்கும், அதில் எது தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும்வரை தாங்கும், எது பாதி வழியில் கெடும் என்று பார்த்து எழுதியதுதான் இந்த மதிப்பீடு. 20 முதல் 60 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு, ஒன்றிரண்டு பேர் பொறுப்பெடுத்து வாங்குவதை மனத்தில் வைத்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு வேலையை முடித்துக்கொடுத்த முழுக் குழுவுக்கும் நன்றி சொல்ல, சோற்றின் மேல் பல குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் பொட்டலத்துக்கு இணை இல்லை, ஆனால் கடையில் சொல்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பலகாரப் பெட்டி இரண்டாவது. பொன்னாடையும் மாலையும் ஓய்வு பெறுகிறவருக்கும் விடைபெறுகிறவருக்கும் மட்டும் பொருந்தும். கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும் நல்ல சரக்கு ஜாதிக்காய்.

நாசி கண்டார்: ருசியும் சிக்கலும் ஒரே கரண்டியில்

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவுதடியில் சுமந்து போய் விற்ற சோறு இது. உழைக்கிறவரின் பசிக்காகவே பிறந்த சாப்பாடு. லெபோ கேம்பல் தெருவில் 1907 முதல் இருக்கும் ஹமீதியாவும், ஜாலான் பினாங்கு ஓரச் சந்தில் இருக்கும் லைன் கிளியரும் ஊரறிந்த பெயர்கள். அலுவலகத்துக்கு வாங்கும்போது பெயரைவிட முக்கியமானது, நீங்கள் சொல்கிறபடி பிரித்துக் கட்டிக்கொடுக்க அந்தக் கடை ஒப்புக்கொள்கிறதா என்பது.

ஏன் பிரிக்க வேண்டும்? நாசி கண்டாரின் உயிரே குழம்புக் கலவைதான். கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, மாட்டிறைச்சிக் குழம்பில் ஒரு கரண்டி என்று எல்லாம் சோற்றின் மேல் இறங்கும். நின்று சாப்பிடுகிறவருக்கு அது சுகம். பல இனத்தவர் வேலை செய்யும் இடத்தில் அதுவே வில்லங்கம். மாட்டிறைச்சி தொடாத இந்துக்கள் இருப்பார்கள். சீன நண்பர்களிலும் குவான் இன் என்ற பெண் தெய்வத்தின் வழிபாட்டில் இருக்கும் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. பொட்டலத்தில் மாட்டுத் துண்டு இல்லாவிட்டாலும் குழம்பு கலந்திருந்தால் அவர்களுக்கு அது ஆகாது. நாகரிகம் கருதி வாய் திறக்கமாட்டார்கள், பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். பாராட்ட வாங்கிய சாப்பாடே ஒருவரைப் பட்டினி போடலாமா?

ஆகவே கடையில் சொல்ல வேண்டியது இதுதான்: "அண்ணே, மாடு வேணாம். மாட்டுக் குழம்பும் கலக்க வேணாம். கோழிக் குழம்பும் மீன் குழம்பும் மட்டும், தனியா கட்டுங்க." கரண்டியும் தனியாக இருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல கடைகள் மறுப்பதில்லை, பரபரப்பு நேரத்தில் சொன்னால் மறந்துவிடும். அதனால் முதல் நாளே, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கூட்டம் அடங்கிய நேரத்தில், நேரில் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதே சரி.

அடுத்த கண்ணி டால்ச்சா. பருப்பும் காயும் கண்ணுக்குத் தெரிவதால் சைவம் என்று நம்பி வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான கடைகளில் அது ஆட்டெலும்பு போட்டுக் கொதித்ததுதான். வெண்டைக்காய், கோஸ் வறுவல் பக்கத்திலும் அசைவக் கரண்டி போய்வந்துகொண்டே இருக்கும். சைவக்காரர்களுக்கு நாசி கண்டார் கடையில் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். லிட்டில் இந்தியாவில் முழுச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. அங்கிருந்து தனியே வாங்குங்கள். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பௌத்த முறையில் சைவம் உண்ணும் சீனர்களில் பலர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. நம் சாம்பாரும் பொரியலும் அவர்களுக்குச் சைவமே இல்லை. அவர்களுக்குச் சீன சைவக் கடையிலிருந்து வாங்குவதே மரியாதை. சந்திர நாட்காட்டியின் 1, 15ஆம் நாட்களில் மட்டும் சைவம் உண்பவர்களும் உண்டு. சீனர்களின் ஒன்பது பேரரசர் தெய்வ விழா நடக்கும் ஒன்பதாம் சந்திர மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் பினாங்கில் சைவக்காரர் எண்ணிக்கை கூடிவிடும். நம்மவர்களின் புரட்டாசி விரதமும் பல ஆண்டுகளில் அதை ஒட்டியே வரும். அந்தக் காலத்தில் முழு விருந்தையும் சைவமாக்கிவிட்டால் தலைவலி குறையும்.

அளவு

40 பேருக்குக் கணக்குப் போடுவோம். தலைக்கு 110 முதல் 120 கிராம் அரிசி, அதாவது ஒரு கிலோவுக்கு எட்டு ஒன்பது பொட்டலம். ஐந்து கிலோ போதும். குழம்பு ஒருவருக்கு 150 மில்லி, மொத்தம் ஆறு லிட்டர். கோழியை முழுதாக எட்டு வெட்டாக வாங்கினால் ஐந்து கோழி. ஆனால் அப்படி வாங்காதீர்கள். ஒருவருக்குத் தொடை, இன்னொருவருக்குக் கழுத்தெலும்பு ஒட்டிய துண்டு என்று வந்தால், பெற்றவர் மனத்தில் அது தைக்கும். எல்லாருக்கும் தொடை என்று கேளுங்கள். கொஞ்சம் கூடுதலாகும், பரவாயில்லை. கணவாய், பெரிய இறால், மீன் முட்டை மூன்றையும் மொத்த ஆர்டரில் சேர்க்க வேண்டாம். அவற்றின் விலை துண்டின் பருமனைப் பார்த்துச் சொல்லப்படுவது, கடைசி ரசீதில் திகைக்க வேண்டியிருக்கும். கோழி, அவித்த முட்டை, ஒரு காய், வெள்ளரி என்று தலைக்கு 12 முதல் 15 ரிங்கிட் ஒதுக்கினால் நிம்மதி. மொத்தத் தொகையை முன்கூட்டியே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

40 பேர் என்றால் 43 பொட்டலம் சொல்லுங்கள். அந்த மூன்று, பட்டியலில் விட்டுப்போனவர்களுக்கு.

பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வாசலில் நிற்கும் காவலர், கழிவறை கழுவும் அம்மா, கேண்டீன் மேசை துடைப்பவர் ஆகியோர் குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். உங்கள் நிறுவனச் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இராது. மனிதவளப் பிரிவின் கணினியிலிருந்து பட்டியல் எடுத்தால் அத்தனை பேரும் விடுபட்டுப்போவார்கள். காவலர்களில் நேபாளிகள் அதிகம், பெரும்பாலும் இந்துக்கள், ஆகவே அவர்களுக்கும் மாட்டிறைச்சி ஆகாது. அந்த ஷிப்டில் கட்டடத்துக்குள் எத்தனை தலை என்று வாசல் பதிவேட்டைப் பார்த்து எண்ணுவதே சரியான கணக்கு.

கட்டுவதும் கொண்டுபோவதும்

சோற்றின் மேலேயே குழம்பை ஊற்றிக் கட்டினால் முக்கால் மணி நேரத்தில் அது கூழாகிவிடும். சோறு தனி, குழம்பு தனிப்பை, பொரித்த கோழி சோற்றின் ஆவி படாதபடி தனித்தாளில். அப்பளத்தைக் காய்ந்த பையில் போட்டு, சாப்பாடு கொடுக்கிற இடத்தில் கடைசியாகச் சேர்க்க வேண்டும். பொட்டலத்தின் ரப்பர் வளையமே அடையாளமாகட்டும். கோழிக்குச் சிவப்பு, மீனுக்கு மஞ்சள், சைவத்துக்குப் பச்சை. மார்க்கர் எழுத்து எண்ணெய் பட்ட தாளில் அழிந்துவிடும், வளையம் அழியாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் எளிய விதி: சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் தேங்காய்ப் பால் சேர்ந்த குழம்பு அதற்கு முன்பே முகம் மாறும். சோற்றிலும் ஆபத்து உண்டு. வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஐஸ் பெட்டியையே சூட்டுப் பெட்டியாக்கலாம். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிட்டு, துணி விரித்து, பொட்டலங்களை நெருக்கி அடுக்கி மூடுங்கள். இடைவெளி விட்டால் சூடு ஓடிவிடும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு துன் டாக்டர் லிம் சோங் யூ நெடுஞ்சாலையில் காலை பத்தரைக்குப் புறப்பட்டால் சுலபமாகப் போய்விடலாம். மாலை ஐந்துக்கு மேல் புறப்பட்டால் நெரிசலில் நின்றபடி அந்த இரண்டு மணி நேரக் கணக்கைத் தின்றுகொண்டிருப்பீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பல நாசி கண்டார் கடைகள் மூடியிருக்கும். அன்று வேண்டுமென்றால் 12 மணிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.

பஃபே வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். பல தொழிற்சாலைகளில் கிடைப்பது அந்த 30 நிமிடம்தான். ஒருவருக்கு 40 விநாடி பரிமாறினாலும் 40 பேருக்கு 27 நிமிடம் ஆகும். வரிசையின் கடைசியில் நிற்பவர் மூன்று நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓட வேண்டும். பொட்டலமென்றால் இரண்டு நிமிடத்தில் கைமாறிவிடும், மீதி நேரம் உட்கார்ந்து பேசிச் சாப்பிடலாம்.

இரவு ஷிப்ட்

எங்கள் பார்வையில் இந்த ஊரில் மிகவும் பாராமுகமாக விடப்படுவது இதுதான். பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கிய 1972 முதல் இரவு வேலை இங்கே வாழ்க்கையின் ஒரு பகுதி. ஏழுக்கு ஏழு என்று 12 மணி நேர ஷிப்ட் ஓடும் இடத்தில் விழா எப்போதும் நண்பகலில்தான் நடக்கும். இரவு ஆட்களுக்கு மிச்சம் மீதி, அல்லது மறுநாள் வாட்ஸ்அப்பில் வரும் படம். நண்பகலில் வாங்கியதை இரவுக்கு எடுத்துவைக்கவே கூடாது. மேலே சொன்ன சோற்றுக் கிருமிக்கு அதைவிட வசதி வேறில்லை. இரவுக்கென்று தனி ஆர்டர், இரவு ஒன்பதுக்கு மேல் திறந்திருக்கும் கடையில், பதினொன்றரைக்குக் கேண்டீனுக்கு வந்துசேரும்படி சொல்லுங்கள். இரவில் காரமும் எண்ணெயும் குறைவாக இருக்கட்டும். நள்ளிரவில் குழம்பு நிறைந்த சோறு தின்றவருக்கு மூன்று மணிக்குக் கண் சொருகும், அவர் முன்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். தலைக்கு 80 கிராம் அரிசி, மீன், காய், ஒரு பழம் போதும்.

கேண்டீனில் நன்றி சொல்ல ஒரு மேலாளரும் நேரில் இருக்க வேண்டும். பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டு வைப்பதாக இருந்தால் 'உங்கள் உழைப்புக்கு நன்றி' என்று அச்சடித்ததை வைக்காதீர்கள். "போன வாரம் மூணாவது லைன் நின்னப்போ ரெண்டு மணி நேரத்துல ஓட வச்சீங்க" என்பது போல அவர் செய்த காரியத்தையே எழுதுங்கள். பெயரைச் சம்பளச் சீட்டில் இருப்பதுபோல் தந்தை பெயரோடு எழுதாமல், அவரை எல்லாரும் கூப்பிடுகிற பெயரையே எழுதுங்கள்.

பலகாரப் பெட்டி

லெபோ பினாங், லெபோ பாசார் பக்கம் இனிப்புக்கும் முறுக்குக்கும் குறைவில்லை. தலைக்கு 150 கிராம், இனிப்பு ஒரு பங்கு, காரம் இரண்டு பங்கு என்பது எங்கள் கணக்கு. காரணம் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. முழுக்க இனிப்பான பெட்டி, ஆறில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட எட்டாக்கனி.

பால்கோவா, பர்பி போன்ற பால் இனிப்புகளை அன்றே கொடுத்து அன்றே தீர்ப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். லட்டும் மைசூர்பாகும் சில நாள் தாங்கும். முறுக்கு, ஓமப்பொடி காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். வாங்குமுன் ஒரு முறுக்கை ஒடித்துப் பாருங்கள். சத்தத்தோடு ஒடிந்து, உள்ளே சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் நல்லது. நடுவில் மாவு அடர்ந்து கெட்டியாக இருந்தால் அதிகச் சூட்டில் அவசரமாகப் பொரித்தது, மேலே சிவந்து உள்ளே வேகாதது. மூக்கருகே கொண்டுபோனால் காறல் வாடை வரக் கூடாது. வந்தால் எண்ணெய் பழசு, அல்லது சரக்கு பழசு. கைவிரலில் எண்ணெய் பளபளப்பு ஒட்டினாலும் வேண்டாம். சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்துத் தந்தால் ஆவி இறங்கி மறுநாளே நமத்துப்போகும். ஆறியபின் அடைக்கச் சொல்லுங்கள்.

முந்திரி, நிலக்கடலை கலந்தவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து மேலே எழுதி ஒட்டுங்கள். முஸ்லிம் நண்பர்களுக்குத் தருவதாக இருந்தால் ஜாக்கிம் எனும் அரசு இஸ்லாமியத் துறையின் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் மாவும் சர்க்கரையும்தானே என்று வாதம் பண்ணக் கூடாது, பெறுகிறவர் மனம் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். இதே எச்சரிக்கை தம்புன் பிஸ்கட்டுக்கும் பொருந்தும். பினாங்கின் பெயர் சொல்லும் அந்த உருண்டைப் பிஸ்கட்டில் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்புச் சேரும். ஹலால் சான்று பெற்ற தயாரிப்புகளும் சந்தையில் உண்டு. முத்திரை இல்லாததைப் பொது மேசையில் வைக்காதீர்கள்.

சௌராஸ்தா சந்தையில் விற்கும் காய்ந்த ஜாதிக்காய்ச் சதைத் துண்டுகளை இந்த வரிசையில் நாங்கள் உயர்த்தியே வைப்போம். பாலிக் பூலாவ் பக்கம் விளைவது, தாவரப் பொருள், ஃப்ரிட்ஜ் தேவையில்லை, மாதக்கணக்கில் இருக்கும். கோலாலம்பூர் கிளைக்கு அனுப்பவும் தோது. ஒரே குறை, சர்க்கரை தூவியது அதிகம் விற்கிறது. உப்பிட்டதைக் கேட்டு வாங்கலாம்.

பொன்னாடையும் மாலையும்

லெபோ பாசார் துணிக்கடைகளில் பொன்னாடை எளிதாகக் கிடைக்கும். மலிவானவை பாலியெஸ்டர், ஜரிகை ஓரம் கழுத்தை அரிக்கும், ஒருமுறை போர்த்தியதும் நூல் பிரியும். ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். தமிழரல்லாதவருக்கு மறுபடி பயன்படும்படி மெல்லிய பருத்திச் சால்வையோ பாத்தேக் துணியோ மேல்.

மாலையை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். லெபோ குயினில் 1833 முதல் இருக்கும் மகா மாரியம்மன் கோயில் வட்டாரத்தில் பூக்காரர்கள் இருக்கிறார்கள். முகூர்த்த நாள், தைப்பூச வாரம், ஆடி வெள்ளி என்றால் விலை ஏறும், பூவும் தரம் குறையும். சீன நண்பருக்கு வெள்ளை, மஞ்சள் சாமந்தி வேண்டவே வேண்டாம், அவர்களுக்கு அது இறுதிச் சடங்குப் பூ. ரோஜா மாலையாக இருக்கட்டும். அவருக்கு மணிக்கூடும் பரிசாக வாங்கக் கூடாது, அதையும் சாவோடு சேர்த்துப் பார்ப்பார்கள். மாலையை வாழையிலையில் சுற்றி, ஈரத் தாள் போர்த்தி, ஐஸ் நேராகப் படாமல் பெட்டியில் வைத்தால் சாயங்காலம்வரை வாடாது. ஐஸ் பட்ட இதழ் கறுத்துப்போகும்.

பத்தாண்டுக்கு மேல் இருந்து விடைபெறுகிறவருக்குப் பணமும் தருவதாக இருந்தால் கணக்குப் பிரிவைக் கேளுங்கள். ஒரே முதலாளியிடம் 10 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குத் தரும் நீண்டகாலச் சேவை விருதுக்கு ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. 'அன்பளிப்பு' என்று பொத்தாம்பொதுவாகக் கொடுக்காமல், எந்த விருது என்று கடிதத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்தால் அவருக்கு நன்மை.

வாங்கப் போகும் நாள்

செவ்வாய், புதன் காலை பத்துக்குள் போவது உத்தமம். சனி ஞாயிறுகளில் லெபோ பாசாரில் வேன் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். சாலையோரம் நிறுத்த பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியைக் கைப்பேசியில் முன்பே போட்டுவையுங்கள். பினாங்கில் 2011 முதல் எந்த நாளும் பிளாஸ்டிக் பை இலவசமில்லை. பத்துப் பன்னிரண்டு துணிப் பைகள் கொண்டுபோனால் பிரிவு வாரியாகக் கடையிலேயே அடுக்கிக்கொள்ளலாம்.

ரமலான் மாதத்தில் முழு ஏற்பாடும் மாறும். பகல் விருந்து வேண்டாம். நோன்பு திறக்கும் நேரம் இங்கே மாலை ஏழரையை ஒட்டி வரும், ஷிப்ட் மாறுவதோ ஏழு மணிக்கு. வேலை முடிந்து இறங்குகிறவர் நெடுஞ்சாலை நெரிசலில் இருப்பார், வேலைக்கு ஏறுகிறவர் உடை மாற்றிக்கொண்டிருப்பார். இறங்குகிறவருக்கு ஆறரைக்கே பொட்டலமும் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் கையில் கொடுத்தனுப்புங்கள். ஏறுகிறவருக்கு மேற்பார்வையாளரிடம் பேசி, அந்தப் பத்து நிமிடத்துக்கு லைனைப் பார்த்துக்கொள்ள நோன்பில்லாத இருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.